மருதாயிக்குக் கொடுத்த புளி டொபி

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பல் டாக்டர் மேடம். அவருக்குப் பக்கத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் மிஸ்ஸி. முதல் கதிரையில், மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிற மருதாயி. இரண்டாவது கதிரையில், அலவத்துகொடையிலிருந்து வந்த ஹாஜியார். ஹாஜியாரின் பல்லுக்கு அச்செடுக்க, வாய் நிறையப் பசையோடு ஒரு தட்டை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர் பிள்ளை. ஆறாவது ஆள் நான். மருதாயியின் புருஷன் சின்னையா அறையில் இல்லை. கீழே கன்டீனுக்கு பால் விடாத பிளேன்டி டீ குடிக்கப் போயிருந்தார்.

இந்தப் பட்டியலை எனக்குள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. யாராவது விசாரிக்க வந்தால் தடுமாறாமல் சொல்ல வேண்டுமே என்ற பயம். யாரும் அப்படி வந்து கேட்கவில்லை, ஆனாலும் பட்டியல் மனதைவிட்டுப் போகவில்லை. அந்த ஆறு பேரில் தமிழும் சிங்களமும் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். அங்கேதான் பிசகினேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நாலு விஷயம் எழுதித் தாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு விஷயம் எழுத எனக்கு வராது. இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இதை எழுதவே களைப்பாகத்தான் இருக்கிறது.

நான் கண்டி மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவன். ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக முப்பத்தோரு வருடம். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் பல் பகுதியில். நோயாளியின் பெயரைக் கூப்பிடுவது, வண்டிக் கதிரை தள்ளுவது, தட்டு கழுவுவது என்று என் வேலைகளைக் காகிதத்தில் எழுதியிருந்தார்கள். எழுதாத வேலை ஒன்று இருந்தது. பேச்சை மாற்றிச் சொல்வது. மேடத்துக்குத் தமிழ் தெரியாது. தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சிங்களம் விளங்காது. நடுவில் நான் நிற்பேன். அதற்கு எனக்குப் பயிற்சியும் தரவில்லை, படியும் தரவில்லை. உங்களுக்கும் தர மாட்டார்கள். ஆனால் நாளைக் காலையிலேயே உங்களைக் கூப்பிடுவார்கள்.

நான் பயந்த சுபாவம். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, மூடினேனா என்று பார்க்க மூன்று தடவை திரும்பி வருகிறவன். இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் பகுதிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்து கரண்ட் பிடித்தவர்கள். கதிர்வீச்சு வைத்தியத்தை நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆறேழு வாரம் தாடைக்கும் கழுத்துக்கும் கரண்ட் பிடித்தால் எச்சில் சுரக்கிற இடங்கள் கெட்டுப்போகும். முதலில் எச்சில் நூல் நூலாகத் தடித்து வரும், பிறகு அதுவும் குறைந்து போகும். சிலருக்குக் கொஞ்சம் திரும்பி வரும். பலருக்குப் பழையபடி வருவதே இல்லை. அது எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால், வெயிலில் மேடேறி வந்து, தண்ணீர் குடிக்காமல் நாலு கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டை மென்று பாருங்கள். அவர்களுக்கு மூன்று வேளையும் அப்படித்தான். சோறு அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். பேசும்போது நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு, பிரியும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே வரிசையில் யார் கரண்ட் பிடித்தவர் என்று நான் சொல்லிவிடுவேன்.

அந்தச் சத்தம் எனக்குத் தாங்காது. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு முன்னாலுள்ள கடையில் சில்லறை இல்லையென்று இரண்டு புளி டொபி மிட்டாய் கொடுத்தார்கள். வரிசையில் ஒரு பெரியவர் 'டக் டக்' என்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. "தம்பி, வாயில தண்ணி ஊறுதுப்பா," என்றார். பிள்ளை பிறந்த செய்தி சொல்கிறவர் மாதிரிச் சொன்னார். அடுத்த நாள் நான் உறை பிரிக்காத ஒரு பக்கெட் டொபி வாங்கினேன். அதற்குப் பிறகு என் வெள்ளைச் சட்டைப் பையில் டொபி இல்லாத நாளே இல்லை. வாய்ப்புண் ஆறாதவர்களுக்குப் புளிப்பு எரியும் என்று தெரியும், அவர்களுக்குக் கொடுக்க மாட்டேன். கரண்ட் முடிந்து புண் ஆறியவர்களுக்குத்தான். 'டொபி அண்ணே' என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நீங்கள் கேட்பீர்கள், சீனி கூடாது, இனிப்புக் கூடாது என்று மேடம் சொல்வதை நீதானே தமிழில் சொன்னாய், உனக்குத் தெரியாதா என்று. நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் என் மண்டைக்குள் கணக்கு வேறு மாதிரி ஓடியது. பிளேன்டிக்கு மூன்று கரண்டி சீனி பெரிய விஷயம். நகத்தளவு டொபி என்ன செய்யும்? இப்படி நினைத்தேன். நோயாளிகளுக்குச் சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது என்ற சட்டமும் தெரியும். அதனால் மிஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துக் கொடுப்பேன்.

மருதாயிக்குக் கரண்டுக்கு முன்பே ஏழு பல் பிடுங்கினார்கள். கெட்ட பல்லைத் தாடையில் வைத்துக்கொண்டு கரண்ட் பிடிக்கக் கூடாது. மிச்சம் நல்ல பல். அதையாவது சாகும்வரை காப்பாற்ற வேண்டுமென்று, பல்லுக்கு மருந்து போட்டு மாட்டுகிற தட்டும் ஜெல்லும் கொடுத்து அனுப்பியிருந்தார் மேடம். அதற்குப் பிறகு வந்த கிளினிக்கில் நானும் ஒரு பக்கெட் டொபியை அவர் கையில் வைத்து அனுப்பினேன்.

ஆறு மாதம் கழித்து வந்த நாள்தான் நான் பட்டியல் சொன்ன அந்த நாள்.

மேடம் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஈறை நாங்கள் முரசு என்போம், அதை ஒட்டிய இடத்தில் பல்லெல்லாம் சுற்றிவரப் பழுப்பாக அரித்திருந்தது, கரையான் பிடித்த நிலைச்சட்டம் மாதிரி. கீழ்ப் பல் ஒன்று பாதியில் உடைந்திருந்தது.

"ஜெல் போடுறாவா? கேளுங்க," என்றார் மேடம் சிங்களத்தில்.

"அக்கா, ராத்திரியில அந்தத் தட்டுல மருந்து போட்டு மாட்டுறீங்களா?"

"ஒரு நாளும் விட்டதில்ல அண்ணே," என்றார் மருதாயி. "எங்க வூட்டுக்காரரு, குதிரைக்குக் கடிவாளம் மாட்டியாச்சானு கேட்டுச் சிரிப்பாரு. சிரிச்சுட்டுப் போகட்டும்னு மாட்டிக்குவேன்."

மேடத்துக்கு அதை அப்படியே சொன்னேன். மிஸ்ஸி சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"வெற்றிலை?"

"கையால தொடுறதில்லைங்க."

"அப்படியென்றால் பகலில் ஏதோ ஒன்று வாயில் கிடக்கிறது. என்ன அது? சரியாகக் கேளுங்க."

நான் கேட்டேன். கேட்கும்போதே கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டேன்.

"வேற என்ன அண்ணே? நீங்க குடுத்தீங்களே மருந்து டொபி, அதுதான். மணிக்கு ஒன்னு. நீங்க குடுத்தது முடிஞ்சோன்ன எங்க தோட்டத்துக் கடையில அதே டொபிய வாங்கிக்கிட்டேன். அது இல்லாட்டி நாக்கு பிரியாதே."

மருந்து டொபி. நான் ஒரு நாளும் மருந்தென்று சொன்னதில்லை. ஆனால் வெள்ளைச் சட்டை போட்டவன், டாக்டர் அறை வாசலில் வைத்து, யாரும் பார்க்காமல் கையில் அழுத்திக் கொடுத்தால் அந்த மனுஷி வேறு என்ன நினைப்பார்?

மேடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பென்ஷனுக்கு இரண்டு வருடம் இருந்தது. மாற்றல், விசாரணை, பென்ஷன் நிற்பது எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன. வாய் தானாகத் திறந்தது.

"பிளேன்டி நிறையக் குடிக்கிறாவாம் மேடம். சீனி போட்டு."

"எத்தனை கரண்டி?"

ஒரு பொய்யோடு முடியும் என்று நினைக்காதீர்கள். உடனே அடுத்தது கேட்கும். "மூன்று," என்றேன்.

மிஸ்ஸி அதைக் கொப்பியில் எழுதினார். சீனியை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் மேடம். அதை மட்டும் நான் ஒழுங்காகச் சொன்னேன்.

"அக்கா, டீக்குச் சீனி போடவே கூடாதாம்."

"நான் சீனி போடுறதே இல்லையே அண்ணே! நீங்கதானே போன தடவ வேணாம்னு சொன்னீங்க?"

"இனியும் போடாதீங்க," என்றேன்.

அந்த நேரம் பயிற்சி டாக்டர் பிள்ளை ஹாஜியாரின் வாயிலிருந்து தட்டை இழுத்தெடுத்தார். ஹாஜியார் வாய் கொப்பளித்துத் துப்பினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மருந்து எடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஹாஜியார் என்னைப் பிடித்துக்கொண்டார். அவரும் கரண்ட் பிடித்தவர்தான். கையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல். ஒரு வசனம் பேசுவார், ஒரு மிடறு குடிப்பார், அடுத்ததைப் பேசுவார்.

"தம்பி, இங்க வாங்க. என்ட வாயிலதான் பசை வெச்சாங்க. காதுல வெக்கல்ல."

"என்ன ஹாஜியார்?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

"அந்த மனிசி டொபி எண்டு செல்லிச்சு. நீங்க பிளேன்டி எண்டு செல்லிட்டீங்க. நாப்பது வருஷம் கடை செஞ்சவன் நான். எனக்கு ரெண்டு பாஷையும் வெளங்கும்."

பென்ஷன், பிள்ளைகள், மாற்றல் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க சும்மா பயந்தீங்க. சரி. அதே டொபி என்ட கடையிலயும் போத்தல்ல ஈக்கி. கரண்ட் முடிஞ்சி நானும் எடுத்து வாயில போட்டேன். இந்த டொக்டர் மொத நாளே என்னய ஏசி நிப்பாட்டிட்டாங்க. அவங்க செல்லினது எனக்கு நேரா வெளங்கிச்சு, அதால தப்பினேன். அந்த மனிசிக்கு நேரா வெளங்குமா? உங்கட வாயாலதானே எல்லாம் போகுது."

"மேடத்துக்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"நான் செல்ல மாட்டேன். அது என்ட வாயால வரவேண்டிய பேச்சில்ல."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் ஓடிப்போய் மருதாயியைத் தேடினேன். அவரும் புருஷனும் போயிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், அவர்கள் போயிருந்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அடுத்த கிளினிக்கில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த கிளினிக் மூன்று மாதம் கழித்து. சின்னையாவின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்ப்பேன், திரும்பச் சட்டைப் பையில் டொபியோடு போட்டுக்கொள்வேன். ஆமாம், டொபியை வெளியே எடுத்தெறியவும் துணிச்சல் வரவில்லை. எறிந்தால் ஏன் என்று யாராவது கேட்பார்களே.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை, சின்னையாவே போன் எடுத்தார்.

"அண்ணே, ஒன்னுமில்ல. இவளுக்கு அந்த ஒடஞ்ச பல்லு வலி தாங்கல. திங்கக்கெழம டவுன்ல ஒரு பல் டாக்டர்ட்ட புடுங்கப் போறோம். சும்மா ஒங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லலாம்னுதான்."

கரண்ட் பிடித்த தாடையில் பல் பிடுங்குவது என்னவென்று நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த எலும்புக்கு இரத்தம் சரியாகப் போகாது. பிடுங்கின குழி ஆறாமலே போகலாம். எலும்பு செத்துச் செத்து வெளியே தெரிய ஆரம்பித்து, தாடையையே வெட்டி எடுக்க வேண்டி வந்த ஆளை நான் வண்டிக் கதிரையில் தள்ளியிருக்கிறேன். எத்தனை வருடம் போனாலும் எங்களைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது என்று மேடம் எல்லாருக்கும் சொல்வார். மருதாயிக்கும் நான் சொல்லியிருந்தேன்.

"புடுங்காதீங்க சின்னையா! கரண்ட் பிடிச்சவங்கன்னு அந்த டாக்டருக்குத் தெரியுமா?"

"அத என்னத்துக்குச் சொல்லணும்? அது முடிஞ்ச சீக்குத்தானே? வலிக்குதுய்யா இவளுக்கு. நீங்க அங்கேருந்து புடுங்காதனு ஈஸியா சொல்லுவீங்க." போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். அங்கே இறங்கி அடுத்த பஸ். பன்விலைக்கு மேலே வளைவு வளைவாக ஏறும்போது, என்ன சொல்வது என்று நான் பாடமாக்கிக்கொண்டே போனேன். முதலில் பல் பிடுங்கக் கூடாது என்பதை மட்டும் சொல்வது. டொபி விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது. பஸ் இறங்கி அவர்கள் இருக்கிற லயத்து வீட்டுக்கு நடக்கும்வரை அதுதான் என் முடிவு.

மருதாயி வாசலில் கன்னத்தில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே கூட்டிப்போனார். சாமிப் படத்துக்குக் கீழே ஒரு பலகையில் அவர் மருந்தெல்லாம் அடுக்கியிருந்தது. ஜெல், தட்டு, வாய் கொப்பளிக்கிற உப்பு, அப்பச்சோடா. அவற்றோடு, கழுவித் துடைத்த ஒரு ஜாம் போத்தலில் என் புளி டொபி. மூடியை இறுக்கி மூடியிருந்தார், எறும்பு வராமல்.

"நீங்க சொன்ன மாதிரியே மருந்து ஒன்னும் தவறல அண்ணே," என்றார் மருதாயி. "ராத்திரி கடிவாளத்தக் கழட்டி வச்சிட்டு ஒரு டொபிய கன்னத்துல ஒதுக்கிக்கிட்டுத்தான் படுக்குறது. விடியுற மட்டும் வாய் காயாது."

அந்தப் போத்தலைப் பார்த்த பிறகு நான் பாடமாக்கி வந்தது வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அது மருந்தில்லை என்றும், அதுதான் பல்லைத் தின்றது என்றும், அவர் அன்றைக்குச் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன் என்றும் சொன்னேன்.

முதலில் சின்னையாதான் பேசினார்.

"அடப்பாவி! ஆஸ்பத்திரி மருந்துனு சொல்லிக் கடன்ல வாங்கிக் குடுத்தேன்யா. கடைக்காரன் கொப்பிய வந்து பாரு. அரிசிக் கணக்கவிட டொபிக் கணக்கு நீளம்!"

"நீங்க சும்மா இருங்க," என்றார் மருதாயி. பிறகு என் பக்கம் திரும்பினார். "டீக்குச் சீனி போடாதீங்கனு அன்னைக்கு ஏன் சொன்னீங்கனு வூட்டுக்கு வந்து யோசிச்சேன். எனக்கு ஒன்னும் வெளங்கல. டாக்டரம்மா பேரு மாறிச் சொல்லிட்டாங்களோனு நெனச்சேன். அவங்கமேலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஒங்கமேல வரல."

மருதாயி கன்னத்துத் துணியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"இப்ப இந்தப் பல்லப் புடுங்காதங்குறீங்க. மூனு நாளா கண்ணு மூடல. அது டாக்டரம்மா சொன்னதா, நீங்க சொல்றதா? நான் எத நம்புறது?"

அத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் சொன்னதைத்தான் எல்லாரும் நம்பினார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"என்னய நம்ப வேணாம் அக்கா," என்றேன். "நாளைக்கு டவுனுக்குப் போறதுக்குப் பதிலா கண்டிக்கு வாங்க. வேற ஆள் வச்சுப் பேசுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். டாக்டரம்மா புடுங்கச் சொன்னா புடுங்குங்க."

"வேற ஆளுனா யாரு?"

ஹாஜியாரைப் பற்றிச் சொன்னேன். சின்னையா ஏதோ முணுமுணுத்தார். மருதாயி கடைசியில், "முத பஸ்ஸுக்கு வாறோம். அந்த ஹாஜியார் நானாவ வரச் சொல்லுங்க," என்றார்.

கீழே இறங்கி வந்து ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடிய சுபஹு தொழுதிட்டு வாரன்," என்றார்.

திங்கட்கிழமை அதே அறை. மேடம், மிஸ்ஸி, மருதாயி, இந்தத் தடவை உள்ளே வந்து நின்ற சின்னையா, தண்ணீர்ப் போத்தலோடு ஹாஜியார், சுவரோரம் நான். ஏன் இன்றைக்கு வேறு ஆள் பேசுகிறார் என்று மேடம் கேட்டார். மருதாயி தமிழில் சொல்லச் சொல்ல, ஹாஜியார் சிங்களத்தில் சொன்னார். ஒரு வசனம், ஒரு மிடறு தண்ணீர், அடுத்த வசனம். அவர் நாக்கு ஒட்டிப் பிரிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"இந்த அண்ணன் நல்ல மனுசன்தான். எனக்கு வாய் காயுதுனு எரக்கப்பட்டு டொபி குடுத்தாரு. நான் அத மருந்துனு நெனச்சேன். போன தடவ நான் டொபினுதான் சொன்னேன். அவரு ஒங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டாரு."

ஹாஜியார் அதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். பயத்தில் செய்துவிட்டான் பாவம் என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்ப்பார் என்று எதிர்பார்த்தேன். சேர்க்கவில்லை. மருதாயி அதைச் சொல்லவில்லையே.

மேடம் என்னைக் கூப்பிட்டு, "பையில் இருப்பதை வையுங்க," என்றார். கழுவின தட்டில் வைத்தேன். ஒன்பது டொபி இருந்தது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். அவரும் களைத்துப்போயிருந்தார் என்று நினைக்கிறேன்.

"எவ்வளவு சீனி என்பது பெரிதில்லை," என்றார். "எவ்வளவு நேரம் வாயில் கிடக்கிறது என்பதுதான். உங்களுக்கும் எனக்கும் எச்சில் வந்து கழுவிவிடும். இவங்களுக்குக் கழுவ ஒன்றும் இல்லை. இனிப்பும் புளிப்பும் நாள் முழுக்க அங்கேயே நிற்கும். பத்து வருடம் என்கூட நின்றீங்க. ஒரு நாள் என்னைக் கேட்டிருக்கலாமே?"

பிறகு கேட்டார்: "இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?"

நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். டொபியை மட்டும் எண்ணவில்லை. அடுத்த இரண்டு மாதம் மிஸ்ஸியும் நானும் பழைய கொப்பிகளைப் புரட்டி, நம்பர் தேடி, ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் நானே, என் வாயாலேயே, 'அது மருந்தில்லை, தப்பாகக் கொடுத்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. சிலர் ஏசினார்கள். சிலர் சிரித்தார்கள். முதன்முதலில் டொபி வாங்கிய அந்தப் பெரியவரின் வீட்டில் அவருடைய மகள் எடுத்து, அப்பா போய்விட்டார் என்றார். நோய் திரும்பி வந்ததாம். அந்த டொபி கடைசிவரைக்கும் அவருக்குப் பிரியமாம்.

மருதாயியின் பல்லை மேடம் பிடுங்கவில்லை. நரம்பை எடுத்து, உள்ளே சுத்தம் செய்து, மேல்பகுதியை முரசு மட்டத்துக்கு வெட்டி, வேரைத் தாடையிலேயே விட்டு அடைத்தார். அடுத்த மாதங்களில் இன்னும் நாலு பல்லுக்கு அப்படியே. மொத்தம் ஐந்து பல்லின் தலை போனது. தாடை தப்பியது. மிச்சப் பல்லை அடைத்துக் காப்பாற்றினார்கள். சோற்றை ரசம் விட்டுக் குழைத்துத்தான் சாப்பிடுகிறார். எச்சில் திரும்பவில்லை. பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் எப்போதும் இருக்கும்.

என்னுடைய கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. பென்ஷன் நிற்கவில்லை. அவ்வளவு பயந்தேனே, கடைசியில் நடந்தது ஒரு கடிதம். அதற்காகத்தான் மருதாயியின் வாயில் மூன்று கிழமை கூடுதலாக டொபி கிடந்தது. இப்போதும் நான் தாங்காமல் நினைப்பது அந்த மூன்று கிழமையைத்தான். டொபி கொடுத்தது தெரியாமல் செய்தது. அந்த மூன்று கிழமை தெரிந்து செய்தது.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். நடுவில் நிற்கும்போது உங்களைப் பற்றிய பேச்சு வந்தால், அதையும் அப்படியே அந்தப் பக்கம் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் ஒதுங்கி நின்று, வேறு ஆளைக் கூப்பிடுங்கள். ரெண்டு பாஷையும் தெரிந்த ஆள் எங்கேயாவது இருப்பார். பக்கத்துக் கதிரையிலேயே இருப்பார், பாருங்கள்.

அந்தத் திங்கட்கிழமை, பஸ் ஸ்டாண்டில் வைத்து, தோட்டத்துக் கடையில் டொபிக்கு நிற்கிற கடனை நான் கட்டிவிடுகிறேன் என்றேன். பதினெட்டுப் பக்கெட், ஐயாயிரத்து நாற்பது ரூபாய். சின்னையா கையை நீட்டிவிட்டார். மருதாயி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"மொத்தமா வேணாம்," என்றார். "மொத்தமாக் கட்டிட்டா நீங்க நிம்மதியாப் படுத்துருவீங்க. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் நானூறு குடுங்க. நான் கடைக்காரன்ட்ட சொல்லிக்கிறேன். முதல்ல என் வாயப் பாருங்க, அப்புறம் காசக் குடுங்க."

"அக்கா, அப்படின்னா மூனு வருசத்துக்கு மேல போகுமே?"

"போகட்டும். ஒங்களுக்கு அவசரமா? எனக்கு இந்த வாய் சாகுற மட்டும்."

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். நான் வேலையை விட்ட பிறகும் அந்த நாளில் மஹய்யாவையிலிருந்து இறங்கிப் போய் வாசலில் நிற்கிறேன். மருதாயி சொல்வதை மேடத்திடம் சொல்கிறேன், மேடம் சொல்வதை மருதாயியிடம் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் மருதாயி, "அப்படியே சொன்னீங்களா?" என்று கேட்பார். நான், "அப்படியே சொன்னேன்," என்பேன். பிறகு வராந்தாவுக்கு வந்து, வெளிச்சத்தில் வாயைத் திறந்து காட்டுவார். பார்த்துவிட்டு நானூறு ரூபாயைக் கையில் வைப்பேன். போன வாரத்தோடு ஒன்பது தடவை. இன்னும் கொடுக்க வேண்டியது ஆயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.